அண்ணன் வாழ்க

"மாணவரின் சொந்த அண்ணனும் அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தாரா? பார்த்தார் என்றால் அவர் யாருடைய ஊழியர்?"

எங்கள் விண்ணப்பங்களை எழுதித்தரும் காப்புரிமை வக்கீலிடமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த மின்னஞ்சல் இது. தப்பு என்மேல்தான். மாணவனின் லேப் நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன். அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கல். வக்கீல் சிங்கப்பூர்ச் சீனர். அது என்ன எழுத்து, என்ன சொல்கிறது, ஆங்கிலத்தில் வேண்டும் என்று கேட்டார். நானும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அனுப்பினேன். பென்சிலில் இருந்தது இதுதான்:

"அண்ணன் சொன்னபடி ஈரத்துணி போட்டு மூடி 6 மணி நேரம் ஆறவிட்டேன். விரிசல் இல்லை!!! அண்ணன் வாழ்க."

உடன்பிறந்த மூத்தவர் நீடூழி வாழ்க என்கிற தொனியில் ஓர் ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் எந்த வக்கீலுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை. விண்ணப்பம் இப்போது வெளியாகிவிட்டதால்தான் (முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதம் கழித்து அது ஊரறிய வெளியாகும்) இதை எழுதவே துணிகிறேன். அப்படியும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் வேலை என்ன என்பதை அம்மாவுக்கு விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். "அரசாங்கம் கட்டின வீவக வீட்டுக்கு 99 வருசக் குத்தகை இல்லையாம்மா, அது மாதிரி ஒரு கண்டுபிடிப்புக்கு 20 வருசக் குத்தகை. இடையில் கட்டணம் கட்டாம விட்டா அதுவும் போயிடும். அந்தக் குத்தகையை எழுதி வாங்கி, கம்பெனிக்காரங்களுக்கு வாடகைக்கு விடறதுதான் என் வேலை" என்றேன் ஒருநாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "மஞ்சளையே திருடப் பாத்தானுங்களே, அந்த வேலையா?" என்றார்.

அம்மாவை மறுக்க முடியவில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது ஒரு பல்கலைக்கழகம்தான். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம். கண்டுபிடிப்பாளர்களாகப் போட்டிருந்த இரண்டு பெயர்களுமே இந்தியப் பெயர்கள். இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் அடுக்கிக் காட்டி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. கம்பெனிக்காரன்தான் திருடுவான், பல்கலைக்கழகம் பால்போல வெள்ளை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

(நடுவில் ஒன்று. தமிழில் பேட்டன்டுக்கும் காப்புரிமை என்கிறோம், காப்பிரைட்டுக்கும் பலர் காப்புரிமை என்கிறார்கள். "என் கவிதைக்குக் காப்புரிமை வாங்கித் தருவீங்களா" என்று தேக்காவில் ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கே காப்புரிமை என்று நான் எழுதுவதெல்லாம் பேட்டன்ட்தான்.)

விஷயம் தொடங்கியது ஒரு தொலைபேசி அழைப்பில். மாணவன் திருச்சிப் பக்கத்துப் பையன், முனைவர் பட்டத்தில் மூன்றாம் வருடம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகளில் வேலை. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் நியூவாட்டர் 2003இல் வந்ததிலிருந்து இந்த ஊரில் சவ்வு ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை.

"அக்கா, போன மாசம் மாநாட்டுல போஸ்டர் போட்டேன். பேட்டன்ட் போடலாம்னு புரொஃப் இப்பச் சொல்றாரு. பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒருமுறைகூட நல்ல சேதியாக முடிந்ததில்லை. போஸ்டரில் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒரு படம், இரண்டு வரைபடம், சவ்வு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்ற எண்கள். செய்முறை இல்லை. மூச்சு வந்தது. பலனை மட்டும் காட்டிச் செய்முறையைக் காட்டாவிட்டால், அதைப் படித்துவிட்டு இன்னொருவர் செய்து பார்க்க முடியாது என்று வாதாட இடமுண்டு.

"அப்புறம் மூலையில ஒரு கியூஆர் கோடு இருந்துச்சுக்கா."

அதைத் தட்டினால் நான்கு பக்கக் கோப்பு திறக்கும். என்ன பாலிமர், எத்தனை சதவீதம், எவ்வளவு ஈரப்பதம், எத்தனை மணி நேரம், எல்லாம் அதில். எத்தனை பேர் இறக்கினார்கள் என்று பார்த்தோம். மூன்று பேர். மூன்றாவது ஆள், கோடு வேலை செய்கிறதா என்று பார்த்த இவனேதான். ஆனால் யாராவது எடுத்தார்களா என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. எடுக்கக்கூடிய இடத்தில் வைத்தாயா என்பதே கேள்வி.

சிங்கப்பூரில் பிழைக்கலாம். 2017 அக்டோபர் 30க்குப் பிறகு, கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் 12 மாதத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியாவிலும் ஒரு வருடச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தப் பேச்சே கிடையாது. விண்ணப்பத்துக்கு முதல்நாள் ஊரறிய வெளிவந்தாலும் கதவு சாத்தியதுதான். ஐரோப்பா போச்சு என்றபோது பையன் அழுதுவிட்டான். போஸ்டர் போடச் சொன்னவர் புரொஃப். கோப்பைப் பார்த்து ஒப்புதல் தந்தவரும் அவரே. அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"என் மச்சான் சென்னையில பேட்டன்ட் வக்கீல்க்கா, இன்னிக்கே அங்க போட்டுடலாமா?" என்றான். தம்பி, அந்தத் தப்பை மட்டும் செய்யாதே என்றேன். சிங்கப்பூரில் வசிப்பவர் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கக்கூடாது. அனுமதி வாங்க வேண்டும், அல்லது இங்கே முதலில் போட்டுவிட்டு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நாட்டுப் பாதுகாப்புக்காக வைத்த விதி. தண்ணீர்ச் சவ்வாக இருந்தாலும் விதி விதிதான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

புரொஃப் நிரப்பி அனுப்பிய படிவத்தில் கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர்கள். அவர் 50 சதவீதம், போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள்) இருவருக்கும் ஆளுக்கு 20, மாணவனுக்கு 10. இப்படி முழு எண்ணாக, அழகாக வருகிற பங்கீட்டைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் போடுகிற அதே கணக்கு. பணம் பிடித்து வந்தவர், கருவி ஓட்டியவர், போன கட்டுரையில் நம் பெயரைப் போட்டவர் எல்லோரும் பந்தியில் உட்காரலாம். கட்டுரையில் அது பெருந்தன்மை. காப்புரிமையில் அது பொய். சிங்கப்பூர்ச் சட்டம் கண்டுபிடிப்பாளரை அந்தக் கண்டுபிடிப்பை உண்மையில் சிந்தித்து உருவாக்கியவர் என்கிறது. உழைத்தவர் என்றோ பணம் கொண்டுவந்தவர் என்றோ அதில் இல்லை.

அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். விண்ணப்பத்தின் முதல் உரிமைக்கோரலை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்) எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் முதலில் யார் மண்டையில் உதித்தது என்று. இதில் துண்டுகள் இரண்டு. ஒன்று, அந்த பாலிமர்க் கலவை. அது புரொஃபுடையது, சந்தேகமில்லை. இன்னொன்று, பூச்சு பூசியதும் அடுப்பில் வைக்காமல், ஈரம் நிறைந்த மூடிய பெட்டியில் மெல்ல ஆறவிட்டு, பிறகு சூடாக்குவது. அதற்கு முன் எட்டு மாதம் பூச்சு விரிசல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஆறவிடுவது யாருடைய யோசனை?" என்றேன்.

கூட்ட அறையில் ஏர்கானின் சத்தம் நன்றாகக் கேட்டது. "குழுவாக விவாதித்து வந்தது" என்றார் புரொஃப். பையன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவன் வேறு எதைப் பார்ப்பான்?

ஒரு வாரம் கழித்துத்தான் வக்கீலின் மின்னஞ்சல் வந்தது. உதாரணங்கள் எழுத லேப் நோட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தைக் கவனிக்காமலே அனுப்பியிருந்தேன். 2013 மார்ச் 16 முதல் அமெரிக்காவும் முதலில் விண்ணப்பித்தவருக்கே முதலிடம் என்று மாறியதிலிருந்து, லேப் நோட்டு பழைய சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். யார் கண்டுபிடித்தார் என்ற தகராறு வந்தால் இன்றைக்கும் அதுதான் சாட்சி.

பையனைத் தனியாகக் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"அண்ணன் யாருப்பா?"

"நம்ம லேப் அண்ணன்தான்க்கா."

ஆய்வகத் தொழில்நுட்ப ஊழியர். ஓய்வு வயதைத் தாண்டி, மறுவேலை ஒப்பந்தத்தில் இருப்பவர். பையனுக்கு அவர் மாமா வயசு. ஆனால் அவர்தான் "அண்ணேன்னு கூப்பிடு, போதும்" என்றாராம். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கும் பிரிவில் இருபது வருடம். விரிசல் விட்ட பூச்சைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை பையன் அப்படியே நடித்துக் காட்டினான்: "அடிச்ச உடனே சூட்டுல வெச்சா மேல தோல் கட்டிக்கும்டா. உள்ள இருக்கிறது வெளிய வர வழியில்லாம வெடிக்கும். ஈரத்துணியப் போட்டு மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனானாம். காலையில் வந்து பார்த்தால் விரிசல் இல்லை. பென்சில் எடுத்தானாம்.

புரொஃபிடம் போனேன். கெட்டவர் இல்லை அவர். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அவர் உதவியாளர். அவர் வேலையைத்தான் செய்தார். கட்டுரையில் நன்றி சொல்லிவிட்டேனே" என்றார்.

அந்தப் பதிலில் ஒரு குழி இருக்கிறது. ஊழியரின் கண்டுபிடிப்பு எப்போது முதலாளிக்குப் போகும் என்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. சுருக்கமாக, அவருடைய வழக்கமான வேலையில் கண்டுபிடிப்பு ஒன்று பிறக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால். பேராசிரியர், போஸ்ட்டாக் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கருவிகளைப் பராமரித்து, ரசாயனக் கழிவுகளைக் கணக்கெழுதி வைப்பவரிடம் அப்படி எதிர்பார்த்தோமா? "அவர் வேலையைத்தான் செய்தார்" என்று புரொஃப் எவ்வளவுக்கெவ்வளவு அவரைக் கீழே தள்ளுகிறாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவருடைய பங்கு பல்கலைக்கழகத்தின் கையைவிட்டு நழுவுகிறது. எங்களுக்கு மற்ற எல்லோரையும்விட அவருடைய கையெழுத்துதான் அவசரம்.

பேராசிரியர்கள் விஷயத்தில்கூட இது உறுதியில்லை என்று காட்டிய வழக்கு ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் தன் அறுவைசிகிச்சைப் பேராசிரியர் கிரே மீது தொடுத்தது. ஆராய்ச்சி செய்யும் கடமை இருக்கிறது என்பதால் கண்டுபிடிக்கும் கடமை இருக்கிறது என்று ஆகிவிடாது என்று 2009இல் மேல்முறையீட்டிலும் பல்கலைக்கழகம் தோற்றது.

புரொஃபிடம் நான் சொன்னது வேறு கதை. ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வாளர் சேரும்போது, கண்டுபிடிப்பு உரிமையை "மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்டார். பிறகு டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையைக் கற்க சீட்டஸ் என்ற கம்பெனிக்குப் போனார். உள்ளே வருபவர்களிடம் வாங்கும் காகிதத்தில் "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்று இருந்தது. அதிலும் கையெழுத்திட்டார். தருவேன் என்பதற்கும் தருகிறேன் என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் தமிழாசிரியருக்குத் தெரியும். ஸ்டான்ஃபோர்டுக்கு 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் தெரிந்தது. சீட்டஸின் அந்தச் சொத்தை வாங்கியிருந்த ரோஷ் என்ற மருந்துக் கம்பெனி, எச்ஐவி அளவைக் கணக்கிடும் அந்தக் காப்புரிமையில் பங்காளியாக உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் பங்காளி ஒருவர் மற்றவரைக் கேட்காமலே யாருக்கும் உரிமம் கொடுக்கலாம். இங்கே சிங்கப்பூரில் மற்றவர் சம்மதம் வேண்டும். இரண்டுமே வாங்க வருகிற கம்பெனியை ஓட வைக்கும்.

கேட்டுக்கொண்டார். ஆனாலும் அவரை அசைத்தது அந்தக் கதை இல்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்க விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு கண்டுபிடிப்பாளரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் அபராதம், 5 வருடம் வரை சிறை என்று அதன் கீழேயே அச்சிட்டிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்த வரியை அவர் இரண்டுமுறை படித்தார். பிறகு, "இரண்டாவது போஸ்ட்டாக் என்ன செய்தார் என்று நீங்களே பேசிப் பாருங்கள்" என்றார்.

எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்த இடம் அதுதான். அந்த இரண்டாவது பையன் மின்னணு நுண்ணோக்கியில் படங்கள் எடுத்தவன். இரவு இரவாக எடுத்திருக்கிறான், படங்களும் அருமை. ஆனால் கோரலின் எந்தத் துண்டும் அவனுடையதில்லை. சொன்னேன். "ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. சிவியில் இதைப் போட்டுவிட்டேன்" என்றான். வாதாடவே இல்லை. வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் எங்கள் அம்மா வீட்டு ஹாலில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காப்புரிமையின் முதல் பக்கம் தொங்குகிறது. மூன்றாவது பெயர் என்னுடையது. நான் போஸ்ட்டாக்காக இருந்தபோது வந்தது. நான் செய்தது கருவி ஓட்டியது. கொடுத்த மாதிரிகளை வைத்து, கொடுத்த அளவில் ஓட்டி, எண்களை எக்செலில் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அதைக் காட்டும்போதெல்லாம் நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். அந்தக் காப்புரிமை கட்டணம் கட்டாமல் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

விண்ணப்பம் வெளியான பிறகு அண்ணன் கதையை அம்மாவிடம் சொன்னேன். "நெழல்ல ஆறவிடாம வெயில்ல போட்டா அப்பளம் வெடிக்கும்னு எனக்கே தெரியுமே, என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். முன்கலை, அதாவது ஊருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்று நாங்கள் சொல்வது, இதுதான். வக்கீலிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அண்ணனிடம் கையெழுத்து வாங்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கழிவுக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. "துணி போட்டு மூடச் சொன்னதுக்கா?" என்று மூன்றுமுறை கேட்டார். பிறகு, "தம்பிக்கு இதனால ஏதும் தொந்தரவு வராதே?" என்றார். வராது என்றேன். புரொஃப் அதன்பிறகு பையனிடம் எப்படி இருக்கிறார் என்று அவ்வப்போது விசாரித்து வைத்திருந்தேன், ஒன்றும் மாறவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று முன்பே நம்பியிருக்கலாம்தான்.

பணம் வருமா என்று அண்ணன் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: உரிமக் கட்டணம் ஏதாவது வந்தால், செலவு போக மிச்சத்தில் கண்டுபிடிப்பாளர்களுக்கு ஒரு பங்கு உண்டு, அது சட்டம் கொடுப்பதில்லை, பல்கலைக்கழகத்தின் கொள்கை கொடுப்பது, பெரும்பாலான காப்புரிமைகளுக்கு ஒரு காசும் வராது. தலையாட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்கள் ஆட்டுகிற தலையாட்டல்.

உரிமை மாற்றப் பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார், விரலை வைத்து. ஒரு இடத்தில் விரல் நின்றது. இந்தப் பத்திரங்களை அமெரிக்கப் பாணியில் எழுதும்போது, ஒரு டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலன்களும் பெற்றுக்கொண்டு என்று ஒரு வரி வரும். வெறும் சம்பிரதாயம். 1923இல் இன்சுலின் காப்புரிமையை பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இந்த ஒரு வெள்ளி எங்கம்மா?" என்றார்.

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்கு. வாங்காம எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பையில் துழாவி ஒரு வெள்ளிக் காசு எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அமெரிக்கா வெள்ளி இல்லையா?" பிறகு பேனாவை வாங்கி, முழுப்பெயரையும் தமிழில், நிறுத்தி நிறுத்தி எழுதினார். காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, கோப்பி குடிக்கலாம்" என்றார்.

கீழே கடையில் கோப்பி ஓ 1 வெள்ளி 40 காசு. வெள்ளிக் காசை எடுத்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மிச்சம் 40 காசை நான் போட்டேன்.